புரட்டாசிச் சனியில் ஒரு முட்டைக் கணக்கு

இருநூற்று ஐம்பத்தாறு கிராம் எடையைத் தாங்கும் நூல், மாடிப்படி ஏறி ஆபீசுக்குள் போனதும் ஒரே ஒரு கிராமுக்கு அறுந்துவிடுமா?

1992 புரட்டாசியில் இந்தக் கேள்வி என் காதுக்கு வந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டியிருந்த அந்த நூற்பாலையில் என்னோடு வேலை பார்த்த எவருக்கும் தெரியவில்லை. பதிலைக் கண்டுபிடித்தவர் சீனியம்மாள். இது அவருடைய கதை.

சீனியம்மாள் ராஜபாளையம் பக்கத்துத் தேவதானத்துக்காரர். பத்தாம் வகுப்பில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு மார்க் வாங்கினார். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. பதினெட்டு வயதில் மில்லில் நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் சேர்ந்து, பன்னிரண்டு வருஷம் இரண்டு ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, சிரித்தால்கூட இருமல் வரும். ஆனாலும் வாய் ஓயாது. எதைப் பார்த்தாலும் ஏன் என்பார். கூட வேலை பார்த்த பெண்கள் அவரைச் சீனியம்மா என்று கூப்பிடாமல் 'ஏன்னியம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஏன்தான் அவரை லேபுக்குக் கொண்டுபோனது. திங்கட்கிழமை காலையில் மட்டும் நூல் ஏன் அதிகமாக அறுகிறது என்று ஒருநாள் ஸ்பின்னிங் மாஸ்டர் சாரங்கபாணியை வழிமறித்துக் கேட்டார். மில்லில் உற்பத்திக்கெல்லாம் பொறுப்பு மாஸ்டர்தான். அவர் யோசித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. காற்றை ஈரப்படுத்தும் மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். காய்ந்த காற்றில் நூல் முறுகி அறுகிறது. அடுத்த வாரம் ஞாயிறு மாலையே அந்த மெஷினை ஓட்டச் சொன்னார். திங்கட்கிழமை நூல் அறுவது குறைந்ததும், சீனியம்மாளை லேபுக்கு மாற்றச் சொன்னார். லேபில் பகல் வேலை மட்டுந்தான், தூசியும் கிடையாது. மூன்றே மாதத்தில் சீனியம்மாளின் இருமல் நின்றது.

லேபில் நூலின் பலத்தை அளக்க ஒரு வெளிநாட்டுப் பெட்டி இருந்தது. நூலை இரண்டு பிடிகளுக்கு நடுவில் மாட்டினால், பெட்டி அதை இழுக்கும். அறுந்த நொடியில் எத்தனை கிராம் தாங்கியது என்று சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண் வரும். சீனியம்மாள் அதை ரிஜிஸ்டரில் எழுதுவார். பெட்டியும் தன் பங்குக்கு அதே எண்ணை ஒரு ஃப்ளாப்பியில் பதிந்துகொள்ளும். அந்த ஃப்ளாப்பியைப் படிக்க, பெட்டியோடு கூடவே வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆவணி மாதம் அது புகைந்து செத்துப்போனது.

அதற்குப் பதில் மாடி ஆபீசில் புது கம்ப்யூட்டர் வந்தது. ஃப்ளாப்பியைப் படித்து அச்சடித்துத் தர ஒரு புரோகிராம் வேண்டும். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சௌந்தரபாண்டியன் அதை எழுதிக் கொடுத்தார். முப்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. முதல் அச்சுத்தாள் வந்த செவ்வாய்க்கிழமை மாஸ்டரும் அவரும் சீனியம்மாளை மேலே கூப்பிட்டார்கள்.

"சீனியம்மா, இந்த நூல் லாட்டுக்கு நீ என்ன எழுதியிருக்க, வாசி" என்றார் மாஸ்டர்.

"இருநூத்தி அம்பத்தாறு. இருநூத்தி அம்பத்தெட்டு. இருநூத்தி அம்பத்தஞ்சு. இருநூத்தி அம்பத்தேழு."

மாஸ்டர் அச்சுத்தாளை நீட்டினார். அதில் 1, 513, 65280, 257 என்று இருந்தது.

சீனியம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அறுபத்தஞ்சாயிரம் கிராமா? அந்த நூல்ல ஆளே தொங்கலாமே சார்."

"சிரிப்பா இருக்கா? பஞ்சுக் கையோட ஃப்ளாப்பியைத் தொட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் சௌந்தரபாண்டியன்.

"நான் கைய கழுவிட்டுத்தான் தொடுதேன். ஒங்க புரோகிராம் தப்பா இருந்தா?"

"புரோகிராம் தப்புன்னா எல்லாமே தப்பா வரணும்லா? இருநூத்தி அம்பத்தேழு மட்டும் எப்படிச் சரியா வருது? நூறு நூல்ல எட்டு நூலுக்கு இருநூத்தி அம்பத்தேழு. எட்டும் சரி. அப்ப புரோகிராம் நல்லாத்தான் இருக்கு. ஃப்ளாப்பியில எட்டு எடம் தப்பிச்சுது, மிச்சத்த நீங்க கெடுத்துட்டீங்க."

சீனியம்மாள் தாளில் 257 எங்கெங்கே இருக்கிறது என்று விரலால் தேடிப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூல் வாங்குபவர்கள் இந்த முறை கம்ப்யூட்டர் அச்சுத்தாள் இல்லாமல் லாட் சரக்கை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் ஆள் வருகிறார்.

"சனிக்கெழமைக்குள்ள ஒழுங்கான தாள் வரணும்" என்றார். "இல்லாட்டி லேபுக்கு டிப்ளமா படிச்ச பையன் ஒருத்தனப் போடச் சொல்லுதாங்க மேல. நீ வைண்டிங்குக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கும் வேற வழியில்ல, சீனியம்மா."

படி இறங்கும்போதே சீனியம்மாளுக்கு நெஞ்சில் பழைய இருமல் அசைந்ததுபோல் இருந்தது.

லேபில் அவரோடு வேலை பார்த்தவள் கோதைநாயகி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருபத்து நான்கு வயது. பேச்சில் மிளகாய் இருக்கும்.

"அக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கம்ப்யூட்டர்காரன் கடிச்சிட்டானா?"

"ஏட்டி, அவன் சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்கு. அம்பத்தேழு மட்டும் ஏன் தப்பல? அதான் எனக்குப் புரியல."

அன்று மாலை ரிஜிஸ்டரையும் அச்சுத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரிசைப்படுத்தினார். தன் எண் இடதுபக்கம், கம்ப்யூட்டரின் எண் வலதுபக்கம். 257-க்கு 257. 258-க்கு 513. 259-க்கு 769. 260-க்கு 1025.

பென்சில் நின்றது. வலதுபக்க எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தார். 256. மறுபடியும் 256. மறுபடியும் 256. இடதுபக்கம் ஒரு கிராம் ஏறினால் வலதுபக்கம் 256 ஏறுகிறது. 256-க்குக் கீழே உள்ள எண்களையும் பார்த்தார். 255-க்கு 65280, 254-க்கு 65024. அங்கேயும் அதே 256.

"கோதை, இங்க வா. தூசி பட்டா கண்டபடிதான கெடணும்? இது அளந்து வச்சாப்ல கெட்டிருக்கு. தூசிக்கு இம்புட்டு ஒழுக்கம் ஏதுட்டி?"

கோதைநாயகி குனிந்து பார்த்தாள். "அப்ப நீங்க கெடுக்கல."

"நான் கெடுக்கலங்கறது எனக்கு மொதல்லயே தெரியும். யாரு கெடுத்தாங்கறதுதான் கேள்வி."

பெட்டியின் பின்பக்கத்தில் அதை விற்ற கம்பெனியின் கோயம்புத்தூர் நம்பர் ஒட்டியிருந்தது. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சீனியம்மாள் மில்லுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. போன் பூத்துக்குப் போனார். அந்தப் பக்கம் எடுத்தவர் ஹயக்ரீவன் என்ற சர்வீஸ் எஞ்சினியர். சீனியம்மாள் 258-க்கு 513 வருவதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டார்.

"புரிஞ்சு போச்சும்மா. ஒங்க பெட்டி பிக் எண்டியன். புது கம்ப்யூட்டர் லிட்டில் எண்டியன். ரெண்டும் இடிக்குது, அவ்வளவுதான்."

ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சீனியம்மாள் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். "என்ன இந்தியன்?"

"எண்டியன்ம்மா! எண்ட்! முட்டை!"

"முட்டையா?"

"ஆமா, முட்டை! முட்டையை ஒடைக்கிறது... சரி விடுங்க, விவரமா லெட்டர் போடுறேன்" என்பதோடு லைன் அறுந்தது.

சீனியம்மாளுக்கு முட்டை என்றால் பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்குவதுதான் ஞாபகம் வந்தது. தனக்கு முட்டை மார்க் என்கிறாரோ? அதை மட்டும் மறைத்துவிட்டு, மாடிக்குப் போய் மீதியைச் சொன்னார்.

"நம்ம பெட்டி பிக் இந்தியனாம் சார். புது கம்ப்யூட்டர் லிட்டில் இந்தியனாம். அதான் இடிக்குதாம்."

சௌந்தரபாண்டியன் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "பெட்டி கப்பல்ல வந்தது. கம்ப்யூட்டர் தைவான். ரெண்டுல ஒண்ணுகூட இந்தியன் இல்லியே. ரேஷன் கார்டு இருக்கான்னு கேட்டீங்களா?"

சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் மில் முழுக்கப் பரவிவிட்டது. வைண்டிங் பெண்கள் கேட்டில், "ஏட்டி, பிக் இந்தியன் வாராங்க, வழி விடுங்கட்டி" என்றார்கள். சீனியம்மாளும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 256, 256 என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது.

லெட்டர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து கோதைநாயகி சத்தமாக வாசித்தாள். ஹயக்ரீவன் இப்படி எழுதியிருந்தார்: எங்கள் வீட்டில் முட்டையை வாசலுக்குள் விட மாட்டார்கள், ஆனால் என் தொழிலில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. இருநூற்று அறுபது வருஷங்களுக்கும் முந்தைய ஓர் ஆங்கிலக் கதையில் விரல் உயரக் குட்டி மனிதர்களின் நாடு ஒன்று வருகிறது. அங்கே அவித்த முட்டையை எல்லோரும் அகலமான முனையில்தான் உடைத்துவந்தார்கள். ஒருநாள் அரண்மனைப் பிள்ளை ஒருவன் அப்படி உடைக்கும்போது விரலை வெட்டிக்கொண்டான். இனி எல்லோரும் குறுகலான முனையில்தான் உடைக்க வேண்டும் என்று ராஜா சட்டம் போட்டார். பெரிய முனைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கலகமும் சண்டையுமாக ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1980-இல் ஒரு கம்ப்யூட்டர் அறிஞர், மெஷின்களுக்குள்ளும் இதே சண்டை நடப்பதைப் பார்த்து, அந்தக் கதையிலிருந்தே பெயரை எடுத்து வைத்தார். முனைக்கு ஆங்கிலத்தில் எண்ட். எண்ணின் பெரிய முனையை முதலில் வைக்கும் மெஷின் பிக் எண்டியன். சின்ன முனையை முதலில் வைப்பது லிட்டில் எண்டியன்.

"இந்தியன் இல்லக்கா, எண்டியன்" என்றாள் கோதைநாயகி.

சீனியம்மாளின் குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. "முட்டைக்கு ஏது முனை? நான் நடுவுலல்லா தட்டுவேன்."

கேன்டீனில் சமைக்கும் வேலுத்தாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்னட்டி முட்டைங்கிறிய, புரட்டாசியில?"

"அவிச்ச முட்டைய எந்தப் பக்கம் ஒடைப்ப?"

"என் தம்பி நெத்தியில ஒடைப்பேன்."

"ஒரு முட்டை குடேன், பாத்துக்கிடுதோம்."

"பெருமாள் மாசத்துல கேன்டீன்ல முட்டைக்கு நான் எங்கட்டி போவேன்? ஐப்பசி பொறக்கட்டும், பொறவு வா."

ஆக முட்டை இல்லை. முட்டை புழங்காத வீட்டில் வளர்ந்து, அதைக் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்திராத கோதைநாயகியும், நடுவில் தட்டும் சீனியம்மாளும் லெட்டரின் இரண்டாம் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஹயக்ரீவன் இரண்டு கட்டம் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை இரண்டு அறையில் வைக்கிறது. சின்ன அறையில் 255 வரைதான் கொள்ளும். 256 ஆனதும் அது காலியாகி, பெரிய அறையில் ஒன்று ஏறும். ஒன்பதுக்கு மேல் போனால் பத்தாமிடத்தில் ஒன்று ஏறுவது போலத்தான்.

சீனியம்மாள் பென்சிலை எடுத்தார். "அப்ப இருநூத்தி அம்பத்தெட்டுன்னா, பெரிய அறையில ஒண்ணு, சின்ன அறையில ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. நம்ம பெட்டி அப்படி எழுதுது. மேல இருக்குறது அடுத்த முனையிலருந்து வாசிக்குது. ரெண்டு, ஒண்ணு. ரெண்டு இருநூத்தி அம்பத்தாறு ஐநூத்திப் பன்னெண்டு. கூட ஒண்ணு..."

"ஐநூத்திப் பதிமூணு!" என்று கோதைநாயகி பெஞ்சைத் தட்டினாள்.

"அப்ப அம்பத்தேழு?"

"பெரிய அறையில ஒண்ணு, சின்ன அறையில ஒண்ணு." கோதைநாயகியின் விரல் இரண்டு கட்டத்துக்கும் மாறி மாறிப் போனது. "அக்கா! விகடகவி!"

"என்னட்டி?"

"விகடகவின்னு எழுதித் திருப்பி வாசிங்க. விகடகவிதான் வரும். எந்த முனையிலருந்து வாசிச்சாலும் ஒண்ணு, ஒண்ணு. அதான் அது மட்டும் தப்பல!"

சீனியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். நான்கு நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த 257 கையோடு வந்துவிட்டது. ஒரே கிராமாகிப்போன 256-உம் புரிந்தது: ஒன்று, காலி; திருப்பினால் காலி, ஒன்று. யாரும் கெடுக்கவில்லை. பெட்டியும் பொய் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. எந்த முனை முதலில் என்று இரண்டுக்கும் யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் புரட்டாசி இரண்டாம் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தன. மாஸ்டர் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. வாங்குபவர்களின் ஆளை அனுப்பிவிட்டு அவரும் மலைக்குப் போக வேண்டும். மணி பத்து. சௌந்தரபாண்டியனும் வந்திருந்தார்.

சீனியம்மாள் ரிஜிஸ்டரை மாஸ்டர் கையில் கொடுத்தார். "நீங்க வச்சுக்கிடுங்க சார். நான் பாக்க மாட்டேன். தம்பி, அந்தத் தாள்ல ஏதாவது ஒரு வரிய வாசிங்க."

சௌந்தரபாண்டியன் தோளைக் குலுக்கினார். "நாப்பத்தோராம் வரி. ரெண்டாயிரத்தி நாப்பத்தொம்போது."

சீனியம்மாள் மனசுக்குள் இரண்டு அறைகளையும் பார்த்தார். எட்டு, ஒன்று. திருப்பினால் ஒன்று, எட்டு. "இருநூத்தி அறுபத்தி நாலு."

மாஸ்டர் ரிஜிஸ்டரில் விரலை ஓட்டினார். புருவம் ஏறியது. "இருநூத்தி அறுபத்தி நாலுதான் இருக்கு."

"எழுபத்திரண்டாம் வரி" என்றார் சௌந்தரபாண்டியன் வேகமாக. "அறுபதாயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபத்தெட்டு."

இதற்குப் பென்சில் வேண்டியிருந்தது. 256-ஆல் வகுத்தார். மீதி இல்லை, சின்ன அறை காலி. திருப்பினால் பெரிய அறைதான் காலி. "இருநூத்தி முப்பத்தெட்டு."

அதுவும் சரி. சௌந்தரபாண்டியன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை. "எப்படிக்கா? அந்த இந்தியன்னா என்னது? சொல்லுங்க."

சீனியம்மாள் வாயைத் திறந்தார். முட்டை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே மாஸ்டரின் நாமம். புரட்டாசிச் சனி. விரத வயிறு. இந்த மனிதர் முன்னால் முட்டையை எப்படி உடைப்பது? கோதைநாயகி கதவோரத்திலிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அது வந்து... முறுக்கு சார்" என்றார் சீனியம்மாள்.

"முறுக்கா?"

"கீழ லேபுக்கு வாங்க."

லேபில் நூலின் முறுக்கை எண்ணும் மெஷின் ஒன்று உண்டு. நூலை அது ஒரு பக்கமாகத் திருகிப் பிரித்து, எத்தனை சுற்று என்று சொல்லும். அதில் ஒரு திருகாணி. வலமுறுக்கு நூலா, இடமுறுக்கு நூலா என்று முதலில் அதில் சொல்லிவிட வேண்டும். சீனியம்மாள் ஒரு துண்டு வலமுறுக்கு நூலை மாட்டி, திருகாணியை வேண்டுமென்றே இடமுறுக்குக்குத் திருப்பி, மெஷினை ஓட்டினார். நூல் பிரியவில்லை. இன்னும் இன்னும் முறுக்கேறிப் பட்டென்று அறுந்தது.

"நூல் நல்ல நூல் சார். மெஷினும் நல்ல மெஷின். எந்த முறுக்குன்னு சொல்லாம விட்டுட்டா இப்படித்தான். நம்ம பெட்டி ஒரு முறுக்குல எழுதுது, மாடியில இருக்குறது அடுத்த முறுக்குல பிரிக்குது. புரோகிராம்ல இந்தத் திருகாணிதான் இல்ல."

இருபத்தைந்து வருஷம் நூலோடு வாழ்ந்த மாஸ்டருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. "சௌந்தரபாண்டியா, திருகாணி போட முடியுமா?"

"ரெண்டு அறையையும் எடம் மாத்தி வாசிக்கணும். ஒரே வரி சார்" என்றார் அவர். படி ஏறும் முன் திரும்பினார். "அக்கா, பஞ்சுக் கைன்னு சொன்னது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"வச்சுக்கிடுவேன். எந்த அறையிலன்னுதான் இன்னும் முடிவு பண்ணல" என்றார் சீனியம்மாள்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே தாள் அச்சாகி வந்தது. நூறு வரியும் ரிஜிஸ்டரோடு பொருந்தின. லாட் போனது. மாஸ்டர் மலைக்குக் கிளம்பும்போது லேப் கதவில் தலையை நீட்டி, "டிப்ளமா பையன் வேண்டாம்னு மேல சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அது போதும்.

ஐப்பசி முதல் தேதி சீனியம்மாள் முட்டைக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டார். மாஸ்டர் கேட்டார். "முட்டைய எந்தப் பக்கம் ஒடைக்கறதுன்னு அம்புட்டுப் பேர் செத்தாங்களா?" என்று சிரித்தவர், தன் நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்த நாமத்துக்குக் கீழ கால் உண்டா இல்லியான்னு, வடகலை தென்கலைன்னு கோர்ட் வரைக்கும் போனவிய உண்டு, சீனியம்மா. நடக்கக் கூடியதுதான்."

அதற்குள் 'முறுக்கு' என்ற சொல் மாடியேறி, மில்லைத் தாண்டிப் போய்விட்டது. சௌந்தரபாண்டியன் தன் சென்டரில் பாடம் எடுக்கும்போது பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்று போர்டில் எழுதிவிட்டு, வாயால் பெரிய முறுக்கு, சின்ன முறுக்கு என்றுதான் சொல்லுவார். அங்கே படித்த பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். எங்கோ ஒரு கதை முட்டையிலிருந்து ஒரு பெயர் பிறந்தது போல, ஒரு விரதச் சனிக்கிழமையால் எங்கள் பக்கம் இன்னொரு பெயர் பிறந்தது.

1997-இல் மில்லுக்குப் புதுப் பெட்டி விற்க மதுரையிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். அரைமணி நேரம் அதன் பெருமைகளைச் சொன்னார். சீனியம்மாளுக்கு அப்போது தலை பாதி நரைத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இது எந்த முறுக்கு?"

விற்க வந்தவர் விழித்தார். பிறகு தயக்கத்தோடு, "இப்பத்தான் டிபன் சாப்ட்டேன்மா. ஆனா நீங்க ஆசையா கேக்கறதால, தேன்குழலா இருந்தா ரெண்டு..." என்றார்.

கோதைநாயகி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். சீனியம்மாள் அந்த மனிதரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நூல் ஒரு கிராமுக்கு அறுந்த கதையை முதலிலிருந்து சொன்னார். கதை முடிவதற்குள் இருமல் ஒருமுறைகூட வரவில்லை.

இதைப் படித்த நீங்களும் இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். முட்டையிலிருந்து தொடங்கினாலும் சரி, முறுக்கிலிருந்து தொடங்கினாலும் சரி. எந்த முனையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை மட்டும் கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.